மானாவாரி பருத்திக்கு சொட்டு நீர் போட்டா கட்டுபடியாகுமா?

ஒயிட்ஃபீல்டு மணி:
பெரம்பலூர் பக்கம் 4 ஏக்கர் கரிசல், பருத்தி. கெணறு வத்தி மானாவாரியாத்தான் ஓடுச்சு, போன வருசம் போர் போட்டு பழைய கரன்ட் சர்வீஸ்லயே மோட்டார் ஓடுது. நான் இங்க பெங்களூர்ல இருந்துகிட்டு சொட்டு நீர் போடலாம்னா அப்பா வாய்க்கால்ல பாய்ச்சினா போதும்ங்கிறார். சிறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், ஓசில வர்றத ஏன் விடணும்?

அல்சூர் கரிசலான்:
எது ஓசி? மானியத்துக்கு ஒரு ரேட் வரம்பு இருக்கு, அதுக்கு மேல கைக்காசு. எலி கடிச்ச லேட்டரல, அதான் செடி வரிசைல ஓடுற சின்ன பைப்ப, மாத்த நீங்க பஸ் ஏறி வருவீங்களா? கரன்ட் இலவசம், தண்ணிக்கு மீட்டர் கெடையாது, அப்புறம் தண்ணிய மிச்சம் புடிச்சா உங்க அப்பாவுக்கு என்ன காசா வரப்போகுது? அவர் கணக்குதான் சரி.

ஒயிட்ஃபீல்டு மணி:
அண்ணே மிச்சம்னு நான் சொல்லவே இல்லயே. ஏக்கருக்கு 50 மில்லிமீட்டர் பாய்ச்சவே 2 லட்சம் லிட்டர் வேணும், 4 ஏக்கருக்கு 8 லட்சம். நம்ம போர் மணிக்கு 10,000 லிட்டர்தான் தள்ளும், தினம் 8 மணி நேரம் ஓட்டினாலும் 10 நாள், இதுல வாய்க்கால்லயும் வெடிப்புலயும் போறது தனி. கடைசி பாத்தி நனையறதுக்குள்ள முன்னாடி பாத்தில சப்பை, அதான் பூ மொட்டு, கொட்டிரும்.

அல்சூர் கரிசலான்:
அந்தப் பூ நேரத்துல ஒரே ஒரு தண்ணி விட்டா போதும்ங்கிறேன், கரிசல் ஈரம் தாங்கும். நீங்க செலவ ஏத்திட்டு விலைக்கு எங்க போவீங்க? 2025 ஆகஸ்ட்ல பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரிய வருசக் கடைசி வரைக்கும் தூக்கிட்டாங்க. 2025-26ல நடுத்தர இழை பருத்திக்கு குவிண்டால் 7,710னு ஆதரவு விலை பேப்பர்ல இருந்துச்சு, ஈரம், தூசின்னு கழிச்சு வியாபாரி குடுக்கறத பாத்திருக்கீங்களா?

ஓசூர் ரோடு அக்கா:
ரெண்டு பேருமே தண்ணியப் பத்தியே பேசுறீங்க தம்பி. ஆத்தூர்ல எங்க வீட்ல சொட்டு நீர் போட்டதுல மிச்சமானது களை வெட்டு கூலிதான், செடிக்கு நடுவுல காஞ்சே கெடக்கும். உரமும் பைப் வழியாவே செடிக்குப் போயிரும். ஆனா காய் ஜாஸ்தியானா எடுப்பு கூலியும் ஏறும், கிலோ கணக்குல குடுக்கணும்ல, ஆளும் கெடைக்காது. மணி, 2 ஏக்கருக்கு மட்டும் போடு, மீதி அண்ணன் சொன்ன மாதிரி ஒரு தண்ணி.

அல்சூர் கரிசலான்:
2 ஏக்கர்னா ஒத்துக்கறேன். தண்ணி உப்பா இருந்தா டிரிப்பர், அதான் சொட்டு விடுற ஓட்டை, அடைக்கும், மொதல்ல டெஸ்ட் பண்ணுங்க. ஃபில்டர் கழுவறது யாரு?

ஒயிட்ஃபீல்டு மணி:
அப்பாதான்... அவர்கிட்ட இன்னும் அத சொல்லல.