1946 பைப்பர் கப் வாங்கலாமா? நாகர்கோவில் பக்கம் துணி விமானம் தாங்குமா?

தக்கலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தக்கலை, வேலை கப்பலில், செகண்ட் இன்ஜினியர். வருடத்தில் ஐந்தாறு மாதம் வீட்டில்தான் இருப்பேன். திருவனந்தபுரத்தில் படித்து பிபிஎல் (சொந்தமாக விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ்) வாங்கி நான்கு வருடம் ஆகிறது, அதற்கப்புறம் எத்தனை மணி நேரம் பறந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

விஷயம் இதுதான். அக்காவும் அத்தானும் டெக்சாஸில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு புல் ஓடுதளம், அங்கே 1946 பைப்பர் ஜே-3 கப் ஒன்று, துணி போர்த்திய குட்டி விமானம், விலைக்கு நிற்கிறது. 65 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின், மஞ்சள் நிறம், பக்கத்தில் கறுப்பு மின்னல் கோடு. கேட்கிற விலை 38,000 டாலர். 2004-ல் துணி மாற்றியதாக லாக்புக்கில் இருக்கிறதாம். அத்தான் வீடியோ எடுத்து அனுப்பினார், பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. எட்டு தடவை பார்த்துவிட்டேன்.

துணி எத்தனை வருடம் தாங்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கன்டெய்னரில் போட்டு தூத்துக்குடிக்குக் கொண்டுவர முடியுமா? குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது, மரம் வெட்டி மறுநடவு செய்யும் நேரம், ஒரு ஓரமாக நீளவாக்கில் இடம் விட்டால் ஷெட் போட்டு அங்கேயே இறக்கி ஏற்றலாமா என்று ஒரு கிறுக்கு யோசனையும் உண்டு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் கப்பலுக்கே விட மாட்டாள்.

பழைய ஏஎம்இ, நாகர்கோவில்

தம்பி, பெயிண்டைப் பார்த்து விமானம் வாங்காதீர்கள். நான் பிளையிங் கிளப்புகளில் ஏஎம்இ-யாக, அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியராக, புஷ்பக்கோடு காலம் தள்ளியவன். எச்ஏஎல் செய்த விமானம், 1958-ல் முதலில் பறந்தது, 90 குதிரைசக்தி, உடம்பெல்லாம் துணி. எங்கள் தலைமுறைப் பைலட்டுகளில் பலர் அதில்தான் கை பழகினார்கள். ஒரு கிளப்பில் (பெயர் வேண்டாம்) புதிதாகப் பெயிண்ட் அடித்த விமானம் ஒன்று வந்தது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. வாலுக்குப் பக்கத்தில் ஒரு மூடியைக் கழற்றி, உடம்பின் அடிப்பக்கம் ஓடுகிற இரும்புக் குழாயை ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தட்டினேன். நுனி உள்ளே போய்விட்டது. குழாய் என்று ஒன்று அங்கே இல்லை, பெயிண்டும் துருவும்தான் இருந்தது. வால் சக்கர விமானம் நிற்கும்போது பின்பக்கம் தாழ்ந்து இருக்குமே, உள்ளே இறங்குகிற தண்ணீர் முழுக்க அந்த இடத்தில்தான் தேங்கும்.

முதலில் துணி. பழைய காலத்தில் கிரேடு ஏ பருத்தி, அதன்மேல் டோப் என்கிற, துணியை இறுக்கும் பூச்சு. புதிதில் ஒரு அங்குல அகலத் துண்டு 80 பவுண்டு இழுவை தாங்க வேண்டும், கப் மாதிரி பாரம் குறைந்த விமானத்துக்கு 46-க்குக் கீழே இறங்கினால் துணியை மாற்றியே ஆக வேண்டும். வெயிலில் நின்றால் பருத்தி சில வருடங்களில் முடிந்துவிடும். உங்களுடையது 2004-ல் மாற்றியது என்றால் பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும், எதற்கும் லாக்புக்கில் துணியின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாலியஸ்டரை மழை ஒன்றும் செய்யாது, வெயில்தான் கொல்லும். அதனால்தான் நிறத்துக்குக் கீழே அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு அடிப்பார்கள். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஹேங்கர் கதவைச் சாத்திவிட்டு, இறக்கைக்குள் ஒரு பல்பை விட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் துணி வழியாகத் தெரிந்தால் வெள்ளிப் பூச்சு போதாது, அத்தனை வருட வெயிலும் துணிக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே பூச்சில் வட்ட வட்டமாக வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயரே படர்தாமரை. பெயர் வைத்தவன் அனுபவசாலி.

அப்புறம் தையல். துணியை விலாக்கட்டைகளோடு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) மெழுகு நூலால் தைத்திருப்பார்கள், இறக்கையின் மேல்துணி காற்றில் உப்பிப் பிய்ந்து போகாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தையல்தான். அதில் போடுகிற முடிச்சுக்கு சைன் முடிச்சு என்று பெயர், சைன் என்றால் நம்ம கரைமடி வலை. குளச்சல் கடற்கரையில் வலை கட்டுகிறவரிடம் ஒரு தடவை செய்து காட்டினேன். இரண்டு நிமிடத்தில் என்னைவிட நன்றாகப் போட்டுவிட்டு, "இதுக்கா சார் லைசென்சு?" என்று கேட்டார்.

பைப்பர் என்பதால் இன்னொன்று. இறக்கையைத் தாங்குகிற ஸ்ட்ரட் குழாய்கள் உள்ளுக்குள் துருப்பிடித்துப் போவதால், 24 மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்கச் சொல்லி அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் கட்டாய உத்தரவே இருக்கிறது. உள்ளே காற்றுப் புகாதபடி மூடிச் செய்த புது ஸ்ட்ரட் மாட்டியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதையும் கேளுங்கள்.

இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். டோப் காயும்போது அதிலுள்ள திரவம் ஆவியாகித் துணியைக் குளிர வைக்கும், ஈரக் காற்று அதன்மேல் படிந்து பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படியே விட்டால் அதில் பலம் இருக்காது. நமக்கோ வருடத்தில் இரண்டு மழைக்காலம், மீதி நாள் கடல் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் டோப் டப்பாவைத் திறக்கவே மாட்டோம்.

மார்த்தாண்டம்2டாலஸ்

ஊர்க்காரரா, கொள்ளாம்! நான் இங்கே இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஏரோங்கா சாம்ப் வைத்திருக்கிறேன், கப்புக்குப் பங்காளி முறை. நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். வாங்கும்போது சோதித்த மெக்கானிக், விற்றவருக்குப் பல வருடப் பழக்கம். எல்லாம் பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடச் சோதனைக்கு வேறு ஆளிடம் போனோம், இடது இறக்கைக்குள் எலிக்கூடு, எலி மூத்திரத்தில் அலுமினிய விலாக்கட்டைகள் வெள்ளைப் பொடியாக அரித்துப் போயிருந்தன. துணியைப் பிரித்தோம். பிரித்தால் சும்மா மூட முடியுமா, அதைப் பார், இதைப் பார் என்று மூன்று வருடம் கராஜில் கிடந்தது. பாலியஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் முதலில் 121 டிகிரி செல்சியஸ், கடைசியில் 177 டிகிரி வைத்துச் சுருக்குவோம். அந்த நேரம் தொய்ந்து கிடந்த துணி கண்ணுக்கு முன்னால் பறை மாதிரி இறுகுவதைப் பார்க்க வேண்டுமே, அந்த ஒரு சனிக்கிழமைக்காக மூன்று வருடத்தையும் மன்னித்துவிடலாம். என் மனைவி மன்னிக்கவில்லை, அவளுடைய இஸ்திரிப் பெட்டி அது.

உங்கள் அத்தானுக்கு கிரீன் கார்டு இருக்கிறதா? இங்கே விமானத்தை அமெரிக்கப் பதிவு எண்ணில் (N என்று தொடங்கும் எண்) பதிவு செய்ய வேண்டுமென்றால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், அவர் பெயரில்தான் வாங்க முடியும். குடும்பத்துக்குள் அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஓட்டுவது பற்றி: தனியாகப் பறந்தால் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். ஸ்டார்ட்டர் கிடையாது, ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும், தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள். பெட்ரோல் அளவு காட்டுவது டேங்க் மூடி வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, அடியில் கார்க் மிதக்கும், பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். 45 லிட்டர் டேங்க், மணிக்குப் பதினைந்து பதினாறு லிட்டர் குடிக்கும், 120 கிலோமீட்டர் வேகம். கீழே நெடுஞ்சாலையில் போகிற கார்கள் உங்களை முந்திக்கொண்டு போகும். அதுதான் சுகமே.

ஆரல்காத்து

ரப்பர் தோட்டத்தில் ஓடுதளம். சரி மக்கா, கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா?

எனக்கு ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் இத்தனை காற்றாலைக் காத்தாடியை எதற்கு நட்டு வைத்திருக்கிறான்? கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி ஆடியில் ஆளைத் தள்ளும். உங்கள் கப் மணிக்கு 60 கிலோமீட்டர் சொச்சத்திலேயே தரையை விட்டு எழும்பிவிடும், கட்டாமல் வைத்தால் ஆளில்லாமலே பறக்கும். குலசேகரம் பக்கம் அந்தக் காற்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் மலை, உயர மரம், மதியத்துக்கு மேல் இடிமழை. மரத்துக்குப் பின்னால் காற்று சுழன்று கீழே இறங்கும், அந்தச் சுழலுக்குள் 350 கிலோ எடையுள்ள துணிப் பெட்டியை இறக்குவேன் என்கிறீர்கள்.

அந்தப் பக்கம் கூடங்குளம், இந்தப் பக்கம் மகேந்திரகிரி இஸ்ரோ. பிளைட் பிளான், ஏர் டிபென்ஸ் கிளியரன்ஸ் எல்லாம் வாங்காமல் நினைத்தபோது ஏறி வட்டமடிக்க இது டெக்சாஸ் இல்லை. டிஜிசிஏ (நம்ம ஊர் விமானத் துறை) பதிவு, பறக்கத் தகுதி என்கிற ஏர்வொர்தினெஸ் சான்று, அந்த ரகத்துக்குக் கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள இன்ஜினியர், கஸ்டம்ஸ் என்று காகிதமே விமானத்தின் எடைக்கு வரும். பெட்ரோலும் யோசியுங்கள். இந்த மாதிரி இன்ஜினுக்கான விமானப் பெட்ரோல், அவ்காஸ் 100 எல்எல், வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, 2022-ல்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பித்தது. நாகர்கோவில் பங்கில் எத்தனால் கலந்ததை வாங்கி ஊற்றலாம் என்று நினைத்தால் பழைய ரப்பர் குழாயும் டாலஸ் அண்ணன் சொன்ன அந்தக் கார்க்கும் என்ன கதி ஆகும்?

பழைய ஏஎம்இ, நாகர்கோவில்

ஆரல் தம்பி சொல்வது காரமாக இருந்தாலும் சரிதான். குளவியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இங்கே இரண்டு நாள் மூடாமல் விட்டால் வேகமானிக் குழாயிலும் டேங்க் காற்றுத் துளையிலும் குளவி மண்ணை அப்பிவிடும்.

தக்கலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி, ஆரல் அண்ணனுக்கு இரண்டு மடங்கு. ஓடுதளம் எண்ணத்தை நேற்று இரவே விட்டாயிற்று, அங்கே ரப்பரே நிற்கட்டும். அத்தானிடம் பேசினேன். வாங்கினால் அவர் பெயரில், டெக்சாஸிலேயே ஹேங்கரில் நிற்கும். அடுத்த கப்பலில் இறங்கியதும் நேராக அங்கே போகிறேன், அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விற்கிறவருக்குப் பழக்கமில்லாத மெக்கானிக்கை அக்கா தேடுகிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மெக்கானிக் வரும்போது பல்பை உள்ளே விட்டுப் பார்க்கலாமா என்று அத்தான் விற்கிறவரிடம் கேட்டாராம். "எதற்கு?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவரே போன் செய்து 2,000 டாலர் குறைத்திருக்கிறார். இதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா?

பழைய ஏஎம்இ, நாகர்கோவில்

பயப்படுங்கள். பல்போடு நீளக் கைப்பிடி உள்ள கண்ணாடியும் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். பல் டாக்டர் கண்ணாடி எட்டாது, வால் கடைசி வரை போக வேண்டும்.