முகத்தைப் படம் எடுத்தார்கள்: மேல்முறையீட்டுக்கு உதவி வேண்டும்

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர். மார்ச்சில் இரவு வேலை முடிந்து பைக்கில் வரும்போது, ரோந்துக் காவலர் நிறுத்தி ஒரு செயலியில் என் முகத்தைப் படம் எடுத்தார். காரணம் கேட்டால், "சும்மா செக்கிங்தான்."

படம் எங்கே இருக்கிறது, எப்போது அழிப்பார்கள்? நிலையத்தில் கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பிரிவு 8(1)(எச்)-படி விசாரணை பாதிக்கும் என்று ஒற்றை வரியில் மறுப்பு, போன வாரம் வந்தது. என் மேல் வழக்கே இல்லை, எந்த விசாரணையோ!

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 புட்டசாமி தீர்ப்பு, விசாரணை நடப்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்ற டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2007 பகத் சிங் தீர்ப்பு இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

இதே பிரிவில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் காவல்துறையிடம் தகவல் வாங்கியவர்கள் யாராவது உங்கள் மனு வாசகத்தைப் பகிர முடியுமா?