200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி): நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, ஆனாலும் பழுப்புப் பாசி போக மாட்டேன் என்கிறது

சிங்கை_பவளம்:
வணக்கம். மணல் மேலும் கல் மேலும் பழுப்பாக, சளி மாதிரி ஒரு படலம். அதிலிருந்து நூல் நூலாகக் கிளம்பி, நுனியில் காற்றுக் குமிழோடு ஆடுகிறது. காலையில் மணல் ஏறக்குறைய வெள்ளை. மத்தியானம் தாண்டினால் மறுபடி மூடிவிடும். சைபன் போட்டு எடுத்தாலும் மறுநாளே வந்துவிடுகிறது. நான்கு டர்போ நத்தைகளில் மூன்று செத்துவிட்டன.

சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து 200 லிட்டர். டிரை ராக் (உயிரில்லாத காய்ந்த கல்) வைத்துத் தொடங்கி ஐந்து மாதம். சில்லர் உண்டு, 26 டிகிரி. உப்பு 1.025 அடர்த்தி, கே.எச். (காரத்தன்மை) 8. தாதுக்கள் நீக்கிய ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர்தான், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருளின் அளவு) 0. ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்) ரியாக்டர் ஓடுகிறது. வாரம் 20% தண்ணீர் மாற்றுகிறேன். பவளத்தில் சூவாந்தஸ், ஹேமர், இரண்டு மான்டிபோரா இருக்கின்றன.

பாசிக்குச் சாப்பாடே இல்லாமல் எப்படி வளர்கிறது? ஜி.எஃப்.ஓ. அளவைக் கூட்டலாமா?

உப்புக்காற்று:
கூட்டாதீர்கள், ரியாக்டரை இன்றே நிறுத்துங்கள். காலையில் குறைந்து சாயங்காலம் பெருகுவது, நுனிக் குமிழ், நத்தை சாவு, இரண்டு சோதனையிலும் பூஜ்ஜியம் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர்தான். பட்டினி போட்டு விரட்டும் வழக்கமான வைத்தியம் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தீர்ந்துபோனால் முதலில் சாவது டைனோவோடு இடத்துக்குப் போட்டி போடும் பாக்டீரியா, டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி), பச்சைப் பாசி. டைனோவில் பல வகை வெளிச்சத்தில் வளர்வதோடு மற்ற நுண்ணுயிரையும் பிடித்துத் தின்னும். பஞ்சத்தில் தாக்குப்பிடிப்பது அதுதான். டிரை ராக் டேங்கில் போட்டியாளர்கள் தொடக்கத்திலிருந்தே குறைவு.

உறுதிசெய்ய: நூலைக் கொஞ்சம் டேங்க் தண்ணீரோடு உறிஞ்சி ஒரு பாட்டிலில் போட்டு, கட்டி உடையும்வரை நன்றாகக் குலுக்குங்கள். காபி பேப்பர் ஃபில்டரில் வடித்து, வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் விளக்கடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப நூலாகச் சேர்ந்தால் டைனோ. பிறகு 400 மடங்கு மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு பாருங்கள். எந்த வகை என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

நீலவிளக்கு:
கூடவே இன்னொன்று. சயனோ (சயனோபாக்டீரியா) என்றால் கருஞ்சிவப்புப் பாய் மாதிரி தகடாக உரிந்து வரும். டயாட்டம் வெறும் தூசி, நூல் விடாது. சயனோவுக்கு விற்கும் மருந்தை "போட்டுப் பார்ப்போம்" என்று ஊற்றிவிடாதீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும். டைனோவுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சப் போட்டியும் போய்விடும்.

சிங்கை_பவளம்:
வடித்த தண்ணீர் 40 நிமிடத்தில் மறுபடி திரண்டது. மைக்ராஸ்கோப்பில் எள் மாதிரி, ஒரு முனை கூர்மையாக. கூர்முனையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு சுற்றுகிறது.

உப்புக்காற்று:
ஆஸ்ட்ரியாப்சிஸ். உங்கள் நல்ல நேரம், இது ராத்திரி மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், அதனால் புற ஊதா ஒளியால் கொல்லும் யூ.வி. கருவிக்கு மாட்டும். (நீள்வட்டமாக, மணலோடு வழுக்கிக்கொண்டே போனால் ஆம்ஃபிடினியம். அதில் பெரிய வகை ராத்திரியும் மணலிலேயே கிடக்கும், யூ.வி. வாங்குவது வீண், அங்கே சிலிகேட் சேர்த்து டயாட்டத்தை வளர்ப்பார்கள்.)

யூ.வி.: 11 லிட்டருக்கு 1 வாட் கணக்கில் உங்களுக்கு 18 வாட். தண்ணீரை டிஸ்ப்ளேயிலிருந்தே (பவளம் இருக்கும் மேல் தொட்டி) எடுத்து டிஸ்ப்ளேக்கே திருப்புங்கள். சம்ப்பில் வைத்தால் மிதப்பதில் நிறைய யூ.வி.யை எட்டாமலே போகும், பலர் "யூ.வி. வேலை செய்யவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணிக்கு 200 முதல் 600 லிட்டர், 24 மணி நேரமும்.

சத்து: நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1. நைட்ரேட்டுக்கு 13.7 கிராம் சோடியம் நைட்ரேட்டை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள். 2 மில்லி ஊற்றினால் 200 லிட்டரில் 1 பி.பி.எம். ஏறும். பாஸ்பேட்டுக்கு 1.43 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டை ஒரு லிட்டராக்குங்கள். 2 மில்லிக்கு 0.01 ஏறும். மான்டிபோரா இருப்பதால் ஒரே நாளில் நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02க்கு மேல் ஏற்றாதீர்கள்.

தண்ணீர் மாற்றத்தை நிறுத்துங்கள், புது உப்பில் வரும் நுண்சத்தால் டைனோ துள்ளும். படலம் தடித்திருக்கும் சாயங்காலத்தில் சைபன் போட்டு, 10 மைக்ரான் ஃபில்டர் சாக்ஸில் வடித்து அதே தண்ணீரைத் திரும்ப விடுங்கள். நச்சுக்கு ஆக்டிவேட்டட் கார்பன், வாரம் ஒருமுறை புதிது.

தேங்காய்நார்:
சிங்கப்பூரில் சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் இரண்டும் வெடிமருந்து மூலப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. பொடியாக வாங்கக் கட்டுப்பாடு உண்டு. ரீஃப் கடைகளில் கரைசலாக வரும் பாட்டிலை வாங்கி, லேபிளில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். மேலே உள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது.

சைபனை வாயால் உறிஞ்சித் தொடங்கவே கூடாது, கையுறையும் போடுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸின் நச்சு, பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சின் குடும்பம். 2005இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது சுமார் 200 பேர் காய்ச்சல், மூச்சுத் தொல்லையோடு மருத்துவ உதவி தேட வேண்டி வந்தது.

சென்னை_ரீஃப்:
இடையில் ஒரு சந்தேகம். போட்டி உயிர்கள்தான் தேவை என்றால், ராமேஸ்வரம் பக்கம் கடலிலிருந்து ஒரு கல் எடுத்துப் போட்டால் போதாதா?

நீலவிளக்கு:
கூடாது தம்பி. செத்த பவளக் கல்லானாலும் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுப்பது குற்றம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நன்றாக ஓடும் டேங்க் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கப் மணலும் ரெஃப்யூஜியத்தின் (பாசியும் சிற்றுயிரும் வளர விடும் தனி அறை) அடிக்கசடும் வாங்கிப் போடு, அதில் வேண்டிய உயிர்கள் இருக்கும்.

சிங்கை_பவளம்:
நைட்ரேட் 6இல் நிற்கிறது. பாஸ்பேட் மட்டும் ராத்திரி 0.04, காலையில் 0.01. சோதனைக் கருவி கெட்டுவிட்டதா? மூன்று நாள் முழு இருட்டு போடலாமா?

உப்புக்காற்று:
கருவி சரிதான். இத்தனை நாள் ஜி.எஃப்.ஓ. ஓடிய டேங்கில் கல்லே பாஸ்பேட்டை உறிஞ்சும். அது நிறையும்வரை தினமும் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து வரும் எண்ணையே நம்புங்கள்.

இருட்டு போடலாம், யூ.வி. ஓடும்போது மட்டும். இல்லாவிட்டால் விளக்குப் போட்ட சில நாளில் அத்தனையும் திரும்ப உட்காரும். மான்டிபோராவுக்கு மூன்று நாள் எல்லை. ஸ்கிம்மர் (நுரையால் கழிவை எடுக்கும் கருவி) ஓடட்டும், இருட்டில் ஆக்ஸிஜன் குறையும்.

பழுப்பு விலகிய இடத்தில் பச்சை நூல் பாசி முளைத்தால் பதறி ஜி.எஃப்.ஓ.வைத் திரும்பப் போடாதீர்கள். அது வர வேண்டியதுதான், கையால் பிடுங்கினால் போதும். புது நத்தைகளை மைக்ராஸ்கோப்பில் எள் தெரியாத பிறகே விடுங்கள். யூ.வி.யை அதற்குப் பிறகும் ஒரு மாதம் அணைக்க வேண்டாம்.