ஒரே மாசத்தில் ரெண்டு தடவை வந்தா பயப்படணுமா?

போன ஜனவரியில் எனக்கு 3ஆம் தேதி பீரியட்ஸ் வந்தது, மறுபடி 30ஆம் தேதி. "ஒரே மாசத்துல ரெண்டு தடவையா?" என்று மாமியார் பதறிவிட்டார். அப்புறம் பிப்ரவரி 27, மார்ச் 25. ஏப்ரல் முழுக்க ஒன்றும் இல்லை. ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் ஒற்றைக் கோடுதான். கடைசியில் மே 9 அன்று வந்தது.

சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் குட்டி வட்டம் போட்டு வைப்பேன். அதையே கழற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் பேனா முனையால் கட்டம் கட்டமாக எண்ணினார். "27, 28, 26. இதுல என்னம்மா குறை? தேதியைப் பார்க்காதீங்க, நாளை எண்ணுங்க" என்றார். ரத்தம் பட்ட முதல் நாள்தான் ஒன்று. அடுத்தது வருவதற்கு முந்தின நாள் வரை ஒரு சுற்று. 21லிருந்து 35 நாளுக்குள் எது வந்தாலும் சரிதானாம். சுற்று மாதத்தைவிடச் சின்னதாக இருந்தால் தேதி முன்னால் நகரத்தான் செய்யும். இது தெரியாமல் இத்தனை வருஷம் "டேட் மாறுது" என்று புலம்பியிருக்கிறேன்.

மே மாதத்தது 45 நாள். "ஏப்ரல் தொடக்கத்துல உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். டெங்கு! ஒரு வாரம் ட்ரிப்ஸ், கஞ்சி. கருமுட்டை வெளியான பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பீரியட்ஸ் வந்துவிடும், அந்தப் பின்பாதி அதிகம் மாறாது. முட்டை முதிரும் முன்பாதிதான் இழுத்துக்கொண்டு போகும் என்றார். காய்ச்சலில் முட்டை தாமதமாகியிருக்கிறது. ஏப்ரலில் பட்டது மே மாதத்தில் தெரிந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கெல்லாம் எப்படி?

மறுமொழி 1

எனக்குக் கதை வேறு அக்கா. 50, 60, ஒரு தடவை 72 நாள். எடை ஏறியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "பிசிஓஎஸ்தான்" (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று பக்கத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அம்மா எள்ளுருண்டை, பப்பாளி என்று ஊட்டித் தள்ளினார். (எள்ளுருண்டையை நான் குறை சொல்ல மாட்டேன். ருசி!) ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 18, ரொம்ப அதிகம். தைராய்டு. வெறும் வயிற்றில் மாத்திரை, காபி ஒரு மணி நேரம் கழித்து. நாலாவது மாதத்திலிருந்து 32, 33 என்று நிற்கிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தது என்பதற்காக மட்டும் பிசிஓஎஸ் என்று முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2

கிரகப்பிரவேசத்துக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டேன். வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து, விசேஷம் முடிந்ததும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் வந்துவிட்டது. அடுத்த மாதம் பழைய தேதியை எதிர்பார்த்து வீணாகப் பயந்ததுதான் மிச்சம். கணக்கு வந்த நாளிலிருந்துதானே புதிதாகத் தொடங்கும்! கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியவர்களுக்கு அது ஆகாது.

மறுமொழி 3

என் மகளுக்கு 13 வயது. பெரியவளாகிப் பத்து மாதம் ஆகிறது. 38, 43, 40 என்று வருகிறது. முதல் சில வருஷம் 45 நாள் வரை போகலாம், 90 நாள் ஆகியும் வராவிட்டால் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். உங்கள் பதிவைப் படித்துவிட்டு அவளையும் காலண்டரில் வட்டம் போடச் சொன்னேன். அப்பா பார்ப்பாராம், மாட்டாளாம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறாள்.