ஏஐஏ 193 படம்: கொரோனா துளைக்குள் சிதறல் ஒளி குறையவே இல்லை

வெண்ணாறு (கும்பகோணம்):
நாசாவின் சூரிய ஆய்வு விண்கலமான எஸ்டிஓவில் உள்ள ஏஐஏ தொலைநோக்கியின் 193 ஆங்ஸ்ட்ராம் (புற ஊதா அலைநீளம்) படத்தில் ஒரு கொரோனா துளையின் (சூரியனின் வெளி வளிமண்டலத்தில் இருண்டு தெரியும் பகுதி) பிரகாசத்தை அளக்கிறேன். பக்கத்திலேயே பளிச்சென்று ஒரு செயல்பாட்டுப் பகுதி (வலுவான காந்தப்புலம் உள்ள இடம்); அதன் ஒளி சிதறித் துளைக்குள்ளும் விழுகிறது. லெவல் 1.5 (சுழற்றி, அளவு சரிசெய்த படம்) ஆக்கி, துளையைச் சுற்றி 512×512 பிக்சல் வெட்டி, ஏஐஏபை என்ற பைதான் நிரல் தொகுப்பில் டீகான்வால்வ் செய்தேன் (சிதறிய ஒளியைக் கணக்கிட்டு நீக்குவது). துளையின் பிரகாசம் இறங்கவில்லை. வெட்டிய ஓரங்களில் கோடு கோடாக வருகிறது. 8 ஜிபி ராம், ஜிபியு கிடையாது. எங்கே தவறு?

குடமுருட்டி (திருவையாறு):
வெட்டியதுதான் தவறு. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்டினால் வரப்பு வழியே நம் வயலும் ஊறுமே, அதே கதைதான். அந்த வயலையே படத்திலிருந்து எடுத்துவிட்டால் கசிவை எதை வைத்துக் கணக்கிடுவது? முழு 4096×4096 படத்தையும் கொடுங்கள்.

கசிவுக்குக் காரணம், முகப்பு வடிகட்டியின் மெல்லிய உலோகப் படலத்தைத் தாங்கும் கம்பி வலை. அங்குலத்துக்கு 70 கம்பி. 193-இல் அதன் விளிம்பு விளைவுப் புள்ளிகள் (கம்பிகளில் பட்டு ஒளி வளைவதால் வருபவை) சுமார் 11 ஆர்க்செகண்டுக்கு ஒன்றாக, அதாவது 18 பிக்சல் தள்ளித் தள்ளி விழும். ஃபிளேர் (சூரிய வெடிப்பு) படங்களில் பெருக்கல் குறி போலக் கிளை விரிவது இதுதான்.

வரிசையும் மாறிவிட்டது. லெவல் 1 படத்தில் டீகான்வால்வ் செய்த பிறகே 1.5. அந்தப் படியில் படம் சுழன்று அளவும் மாறுவதால், வலையின் கோணம் பிஎஸ்எஃப்போடு (ஒரு புள்ளி ஒளி படத்தில் எப்படிப் பரவும் என்ற கணக்கு) ஒட்டாது.

ராம் போதும், இரட்டைத் துல்லியத்தில் ஒரு முழுப் படம் 128 எம்பிதான். ஜிபியு இல்லாமல் இழுப்பது பிஎஸ்எஃப் கணக்கு மட்டுமே. சேனலுக்கு (அலைநீளத்துக்கு) ஒருமுறை போட்டு ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரசலாறு (காரைக்கால்):
இதோடு கசிவு முழுக்கத் தீராது. அந்த பிஎஸ்எஃப்பில் வலையின் விளைவு உண்டு. கண்ணாடிப் பரப்பின் நுண்சொரசொரப்பு வெகுதூரம் சிதறடிக்கும் ஒளி கிடையாது. சோதிக்க நல்ல வழி, 2012 ஜூன் 5-6 வெள்ளி இடைநகர்வுப் படங்கள் (வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போனபோது எடுத்தவை). ஈயுவியில் (அதீதப் புற ஊதா ஒளியில்) வெள்ளியின் வட்டு கருப்பாக, பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். திருத்திய பிறகும் அதற்குள் எஞ்சுவதுதான் விட்டுப்போன சிதறல். நிலவு குறுக்கிடும் படங்களும் உதவும். ஆனால் அந்த எண்ணை அப்படியே எல்லா இடத்திலும் கழித்துவிடாதீர்கள். செயல்பாட்டுப் பகுதி நெருங்க நெருங்க அது ஏறும். பிழை வரம்பாகக் கொடுப்பதே நேர்மை.

16,000 டிஎன்-ஐ (கேமரா பதியும் ஒளி எண்) ஒட்டி நிறைவடைந்த பிக்சல் உள்ள படங்களைத் தவிருங்கள். உண்மையான உச்சம் தெரியாததால் அதன் கிளைகளும் சரியாகக் கழியாது.

வெண்ணாறு:
முழுப் படத்தில் ஓட்டுகிறேன். டீகான்வால்வுக்கு 25 சுற்று போதுமா?

குடமுருட்டி:
இயல்பாக இருப்பதே 25தான், போதும். அதற்கு மேல் போனால் சூரிய வட்டின் விளிம்புக்கு வெளியே, எண்ணிக்கை குறைந்த இடத்தில் இரைச்சல்தான் பெருகும். முடிந்ததும் விடையை அதே பிஎஸ்எஃப்போடு மறுபடி கான்வால்வ் செய்யுங்கள் (நீக்கிய பரவலைத் திரும்பச் சேர்ப்பது). மூலப் படம் திரும்ப வர வேண்டும். மொத்த டிஎன் மாறியிருந்தால் பிஎஸ்எஃப்பின் கூட்டுத்தொகை 1தானா என்று முதலில் பாருங்கள்.