யாங்சி ஆற்றில் மாட்டிய 'அமெதிஸ்ட்': சேறும் எண்ணெயும் சங்கிலியும்

தூத்தூர்:
தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், உள்ள மணல்மேட்டைப் பற்றிப் பேசும்போது, சீனாவின் யாங்சி ஆற்றில் தரை தட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'அமெதிஸ்ட்' பற்றிய பேச்சும் வந்தது. அந்தக் கதையை நாலு ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறோம். 1949 ஏப்ரல் 20. சீனாவில் உள்நாட்டுப் போர். நான்ஜிங்கில் பிரிட்டிஷ் தூதரகக் காவலுக்கு நின்ற 'கான்சார்ட்' போர்க்கப்பலுக்குப் பதிலாக நிற்க, ஷாங்காயிலிருந்து 'அமெதிஸ்ட்' ஆற்றில் ஏறிப் போனது. 91 மீட்டர் நீளம், 4 அங்குல பீரங்கி ஆறு. வடகரையில் ஆற்றைக் கடக்கக் காத்திருந்த கம்யூனிஸ்ட் படை சுட்டது. சுக்கான் அறையில் குண்டு விழ, கப்பல் இடப்பக்கம் திரும்பி ரோஸ் தீவின் சேற்றில் ஏறிவிட்டது. ஏறி நின்ற கோணத்தில் அணியத்து (முன்பக்க)ப் பீரங்கிகளுக்கு அந்தக் கரை எட்டவில்லை. பிச்சலில் (பின்பக்கம்) இருந்த இரண்டை வைத்துத்தான் பதிலுக்குச் சுட முடிந்தது. கேப்டன் ஸ்கின்னர் காயத்தால் இறந்தார்.

வள்ளவிளை:
தரை தட்டினால் முதல் தப்பு, பதறிப்போய் முழு வேகத்தில் ரிவர்ஸ் போடுவது. புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் சேற்றைக் கொண்டுவந்து அடிப்பலகைக்குக் கீழேயே குவிக்கும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் வாயிலும் சேறு அடைத்து, எஞ்சின் சூடாகி நின்றுவிடும். முதலில் நாலு பக்கமும் ஆழம் பார்க்கணும். எந்தப் பக்கம் ஒரு பாகம் (சுமார் ஆறடி) ஆழம் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நங்கூரத்தைச் சிறு வள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றை இறுக்கி வைக்கணும். அணியம் ஏறியிருந்தால் அங்குள்ள ஐஸ், டீசல், தண்ணீரையெல்லாம் பின்னால் மாற்றணும். அப்புறம் ஏற்றத்துக்கு, அதாவது தண்ணீர் ஏறும் நேரத்துக்கு, காத்திருக்கணும். இறக்கத்தில் இழுத்தால் கயிறுதான் அறும். அமெதிஸ்டும் பாரம் குறைத்து, நள்ளிரவுக்குப் பிறகுதான் மிதந்தது. மிதந்தும் வெளியே வர முடியவில்லை. உதவிக்கு வந்த 'லண்டன்', 'பிளாக் ஸ்வான்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் 21ஆம் தேதி அடிவாங்கித் திரும்பின.

கொல்லங்கோடு:
வள்ளவிளை அண்ணன் சொன்னதோடு எண்ணெய்க் கணக்கையும் சேர்க்கணும். அது நீராவிக் கப்பல். நங்கூரத்தில் சும்மா கிடந்தாலும் விளக்கு, பம்பு, காற்றாடி, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் பாய்லர் எரிந்தாகணும். ஏப்ரல் 22இல் பொறுப்பேற்ற லெப்டினன்ட் கமாண்டர் கெரன்ஸ், பாய்லரை நீண்ட நேரம் அணைத்தே வைத்தார். கோடை வெயிலில் காற்றாடி ஓடாத இரும்புக் கூட்டுக்குள் ஆட்கள் கிடந்தார்கள், எலி பெருகியது, ஜூலையில் சாப்பாடு பாதியானது. பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பு கேட்டது ஒன்றுதான்: முதலில் சுட்டது பிரிட்டிஷ் கப்பல்தான் என்று எழுதிக்கொடு. கெரன்ஸ் எழுதிக்கொடுக்கவில்லை. எண்ணெய் குறையக் குறைய, ஓடுவதற்கான நாளும் நெருங்கியது. அணைத்த பாய்லரில் உடனே நீராவி வராது, மணிக்கணக்கில் ஏற்றணும். எண்ணெய் சரியாக எரியாவிட்டால் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பிக் கரையில் இருப்பவனுக்கு நம் திட்டத்தைச் சொல்லிவிடும்.

நீரோடி:
தப்பி ஓட கெரன்ஸ் தேர்ந்த இரவைப் பாருங்கள். ஜூலை 30, அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள். பிறை சீக்கிரம் விழுந்துவிடும். கோடைப் பெருக்கில் ஆற்று நீரோட்டமும் கடலை நோக்கித் தள்ளும்.

நங்கூரத்தைத் தூக்கினால் வின்ச் சத்தம் கரைக்குக் கேட்கும். அதனால் சங்கிலியையே கழற்றி விட்டார்கள். சங்கிலியைத் துண்டு துண்டாக ஷேக்கிள் (பின் போட்டு மூடும் இரும்பு வளையம்) போட்டுத்தான் இணைத்திருப்பார்கள். கப்பலின் இழுப்பைக் கொக்கியில் தாங்க வைத்து, அந்த ஷேக்கிளின் பின்னைத் தட்டி எடுக்கணும். கழன்ற முனை தளத்தில் உரசி ஓடும்போதுதான் பெரிய சத்தம். அதற்காக அது ஓடும் வழியெல்லாம் கிரீஸ் தடவிப் போர்வை விரித்தார்கள். கருப்புத் துணி கட்டிக் கப்பலின் உருவத்தையும் மாற்றினார்கள்.

ராத்திரி 10 மணிக்கு மேல், விளக்குப் போட்டு ஆற்றில் இறங்கிய 'கியாங் லிங் லிபரேஷன்' என்ற பயணிக் கப்பலின் பின்னால் நழுவினார்கள். ஆற்று வழி காட்டும் பைலட் கிடையாது. கரை சுட்டது. அமெதிஸ்டுக்கும் அடி விழுந்தது, அந்தப் பயணிக் கப்பலும் குண்டில் சிக்கியது. விடியற்காலை 5 மணியளவில் ஆற்று முகத்து வூசுங் கோட்டைகளின் தேடுவிளக்கைத் தாண்டி வெளியேறினார்கள்.

வழியில் இருட்டில் ஒரு பாய்மர வள்ளம் குறுக்கே வந்தது. முழு வேகத்தில் போகும் அந்த நீளக் கப்பல் நிற்கவும் முடியாது, ஒடுக்கமான ஆற்றில் ஒதுங்கவும் முடியாது. வள்ளத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. 101 நாள் கதையைச் சொல்லும்போது அந்த வள்ளக்காரர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.