அரசு ஆஸ்பத்திரியில் மருந்துச் சோதனை: செலவு யார் தலையில்?

பேட்டைக்காரன்:
நெல்லைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளிலும் புது மருந்துகளைச் சோதிக்க விடவேண்டும், அதில் வருமானம் வரும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்புதல் இல்லை. கட்டில், லேப், நர்ஸ் சம்பளம் எல்லாம் வரிப்பணம். மருந்து தேறிவிட்டால் காப்புரிமை கம்பெனிக்கு, அதே மருந்தை முழு விலை கொடுத்து வாங்குவது நாம்.

அம்பை மருந்தாளுநர்:
அண்ணாச்சி, சோதனை என்றாலே கம்பெனி சோதனை என்று ஏன் நினைக்கிறீர்கள்? 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வைத் தொடங்கியது அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்துதான். வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே சானடோரியத்தில், அதாவது காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், படுத்த அளவுக்குக் குணமாகிறது என்று 1959-ல் காட்டினார்கள், அதற்குப் பிறகு காசநோய் வைத்தியத்தின் செலவுக் கணக்கே மாறிப்போனது. 2020-ல் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோனைச் சோதித்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழைய, மலிவான மருந்து, அதைச் சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்?

பேட்டைக்காரன்:
அது சரி, அந்த மாதிரி சோதனைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. என் சித்தி பீடி சுற்றுகிறவர். ஒரு கம்பெனியின் சோதனையில் சேர்ந்தார், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பஸ் காசு கொடுத்தார்கள். ஆனால் காலையில் போய் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்து சாயங்காலம் திரும்பினால், முந்தின நாள் நனைத்து வைத்த இலை காய்ந்து கிடக்கும், அன்றைக்குக் கூலியும் கிடையாது. எந்த பட்ஜெட்டிலும் அந்தக் கூலிக்கு ஒதுக்கீடு இல்லை.

வார்டு நர்ஸ்:
எங்கள் நேரத்துக்கும் இல்லை. நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போகவேண்டும், அது ஆய்வு டாக்டரின் பொறுப்பு. ஆனால் விவரம் எடுத்துக் கொடுப்பது ராத்திரி டியூட்டியில் இருக்கிற நாங்கள்தான். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தரவேண்டும் என்று மருந்துச் சோதனைக்கான 2019 விதிகள் சொல்கின்றன, நல்லதுதான். சோதனைக்கென்று தனிச் சம்பளத்தில் ஒரு கோஆர்டினேட்டர் கேளுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

அம்பை மருந்தாளுநர்:
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கம்பெனியிடம் கட்டிலுக்கு, ஸ்கேனுக்கு, நர்ஸ் நேரத்துக்கு, சித்தியின் கூலிக்கு என்று தனித்தனியாக விலை போட்டு வாங்கவேண்டும். அதற்காகக் கதவையே சாத்தினால், சோதனையில் இருக்கும் புது மருந்தைத் தேடும் புற்றுநோய்க்காரர் சென்னைக்கும் வேலூருக்கும்தான் அலையவேண்டும், அந்தச் செலவும் செலவுதானே அண்ணாச்சி.

பேட்டைக்காரன்:
விலைப்பட்டியலை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டட்டும், வந்த பணம் எந்த வார்டுக்குப் போனது என்பதையும் சேர்த்து. அதுவரை சித்தியை நான் அனுப்பமாட்டேன்.